நாற்பது பெட்டிக்கு நாற்பது லேபில்

போன ஆவணி பதினெட்டு, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மேகம் மூடியிருந்தது. காற்று துளிகூட இல்லை. முந்தின இரவு தூறிய தூறல் சாலையில் இன்னும் காயவில்லை. ஓமலூரைத் தாண்டி ஒரு வாழை நாற்றுப் பண்ணையின் இரும்புக் கதவுக்கு முன்னால் நான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். கதவு ஆறரைக்குத்தான் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. நாமக்கல்லில் நாலு மணிக்கே எழுந்து பஸ் பிடித்து வந்த எழுபத்து மூன்று வயதுக்காரனுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் திறந்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. கதவு சரியாக ஆறரைக்குத் திறந்தது.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூட்டை, மூடி, ரசீது, முத்திரை என்று எதைக் கண்டாலும் எண்ணுவது அப்போது பழகியது, பிறகு விடவே இல்லை. வீட்டில் ஒரு தோசை குறைந்தாலும் கேட்கிறேன் என்று என் மனைவி சொல்வதுண்டு. கேட்பது உண்மைதான்.

அன்று நான் எண்ண வந்தது ஆயிரத்து இருநூறு ஜி-நைன் வாழைக்கன்றுகளை. என் மகளும் மருமகனும் கர்நாடகத்தில் கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை வைக்கிறார்கள். அதற்கு முந்தின வருடம் வைத்த வாழை முழுக்க முடிக்கொத்து நோயில் போய்விட்டது. இலைகள் மேலே மேலே குறுகி, ஒரு கொத்தாக நின்றுவிடும், தார் தள்ளாது, மருந்து கிடையாது. பிடுங்கிப் புதைப்பது ஒன்றுதான் வழி. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு ஒரு போகம் கேழ்வரகு போட்டு மண்ணை ஆறவிட்டார்கள். இந்த நடவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு பெங்களூருக்குப் போய் மருமகன் வண்டி ஓட்டுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். என்னிடம் அதை அவள் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னாள். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து தூக்கம் குறைந்தது.

அதனால்தான் கன்றை நானே வாங்கித் தருவதென்று கிளம்பினேன். நாலைந்து பண்ணைகளைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முதலில் விலை சொன்னார்கள். இந்தப் பண்ணைக்காரர் மட்டும், "எந்த ஊருக்குப் போகுதுங்க சார்?" என்று கேட்டார். கொள்ளேகால் என்றேன். "அப்ப ரெண்டு வேணும். பெட்டிக்குப் பெட்டி லேபில். பார்டர் தாண்டறதுக்கு, நோய் இல்லைன்னு ஆபீசர் வந்து பாத்து எழுதின சர்ட்டிபிகேட். ரெண்டும் இல்லாம ஒரு கன்னு கூட என் கேட்டைத் தாண்டாது. வெல அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் சேலத்துக்காரர். குடும்பத் தொழில் வெள்ளிக் கொலுசு. அவர் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இங்கே நிலம் வாங்கிப் பச்சை வலைக் கூடாரம் போட்டு, ஆய்வகத்தில் குடுவையில் வளர்த்த வாழைக்கன்றுகளை வாங்கிப் பையில் தேற்றி விற்கத் தொடங்கினார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பூதக்கண்ணாடி வைத்திருப்பார்.

அவருடைய பண்ணைக்குள் போவதே ஒரு வேலை. வாசலில் சிமெண்டுத் தொட்டியில் மருந்துத் தண்ணீர். செருப்போடு அதில் மிதித்து நடந்தால்தான் உள்ளே விடுவார்கள். புதுச் செருப்பு என்று முதல் நாள் நான் முனகினேன். "செருப்புக்கு லேபில் இல்லீங்களே சார், என்ன பண்றது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் நான் மிதிக்கும்வரை நகரவில்லை.

அவருடைய லேபிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலம், தடித்த அட்டை. கன்றின் ரகம், எந்தத் தொகுதியில் வளர்ந்தது, அந்தத் தொகுதியை வைரஸுக்குச் சோதித்த எண், பெட்டியில் எத்தனை கன்று, பண்ணையை விட்டுக் கிளம்பும் நாள், எல்லாம் அதில் இருந்தன. வேலையில் இருந்த காலத்தில் நான் ஆயிரக்கணக்கான சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை பொருளைப் பார்க்காமலே எழுதியவை. மூட்டை ஒரு பக்கம் கிடக்கும், சீட்டு ஒரு பக்கம் கிடக்கும், இரண்டுக்கும் அறிமுகமே இருக்காது. இங்கே பாய் பெட்டியை முன்னால் வைத்து முப்பது கன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் லேபிலைக் கட்டினார். இலை கொஞ்சம் கோணலாக இருந்தது என்று ஒன்பது கன்றுகளை ஒதுக்கி வேறு வைத்தார். நோயா என்று கேட்டேன். "இல்லீங்க. ஆனா வாங்கறவங்க மனசுல ஒரு முள்ளு எதுக்கு?" என்றார்.

நானும் எண்ணினேன். பெட்டிக்கு முப்பது, நாற்பது பெட்டி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எண்ணுங்க சார். எனக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்" என்றார். ஆபீசர் முந்தின நாளே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏழரை மணிக்குள் நாற்பது பெட்டியும் மினி லாரியில், பலகைத் தட்டுகளில் ஏறிவிட்டன. எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினான். தோளில் ஒரு சாக்கு.

அவனுக்குப் பரமத்தி வேலூரில் ஆற்றோரத்தில் பூவன் தோட்டம். எங்களோடு கொள்ளேகாலுக்கு வருவதாக ஏற்பாடு. சாக்கோடு வருவதாக ஏற்பாடு இல்லை.

"என்ன மாப்பிள்ளை அது?" என்றேன்.

"பதினொரு கன்னுங்க மாமா. புள்ளையோட தோட்டத்துல மொதக் குழிக்கு."

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கட்டிக் கொடுத்த பெண் புதிதாகத் தோட்டம் வைத்தால் முதல் குழியில் தாய்மாமன் வீட்டுக் கன்று இறங்க வேண்டும். ஒற்றைப்படையில் கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். போன தடவை அவனுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. தான் கொடுக்காததால்தான் அந்த வாழை போயிற்று என்று அவன் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாய் சாக்கைத் தொடவில்லை. அவனை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

"கன்னு நல்லா இருக்கலாங்க. ஆனா அதுக்கு லேபில் இல்ல. இந்த வண்டியில ஏத்த முடியாது" என்றார்.

"என்ர அக்கா புள்ளைக்கு நான் குடுக்கறதுக்கு எவன் லேபில் ஒட்டோணும்?"

"நீங்க குடுக்கறதுக்கு லேபில் வேண்டாமுங்க. அது போற வண்டிக்குத்தான் வேணும்."

"எங்க தோட்டத்துக் கன்ன நாமக்கல் பூராக் குடுத்திருக்கறேன். ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க. ஓசியில வாங்கினதச் சொல்லுவாங்களா?"

லாரி டிரைவர் சிரித்துவிட்டான். மைத்துனன் சிரிக்கவில்லை. "செரி உடுங்க" என்று சாக்கை எடுத்துக் கதவோரம் வைத்தான். அவன் அவ்வளவு சீக்கிரம் ஒரு பேச்சை விட்டு நான் பார்த்ததில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் பாய் அப்போது சான்றிதழைக் கொடுக்க என்னை அறைக்குள் கூப்பிட்டார். அதில் பெட்டி நாற்பது, கன்று ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருப்பதை நான் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் டிரைவர், நடுவில் மைத்துனன், ஜன்னலோரம் நான். மேச்சேரிக்குள் நுழையும் இடத்தில் பழுப்புச் செம்மறிகள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. அவை தாண்டும்வரை நின்றபோது என் போன் அடித்தது. பாய்.

"சார், வண்டி எங்க இருக்குது?"

"மேச்சேரி."

"டீக்கடை பாத்து ஓரங்கட்டச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் பின்னால யாரும் கை வெக்க வேண்டாம்."

"என்ன விஷயம் பாய்?"

"வண்டி நின்ன எடத்தக் கழுவலாம்னு பாத்தேன். ஆத்து வண்டல் கொட்டியிருக்குது. என் பண்ணையில செம்மண்ணும் தேங்கா நாரும் தவிர வேற மண்ணு கெடையாதுங்க."

நான் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர்தான், "நான் வேண்டாம்னு சொன்னேனுங்க, இவருதான் கேக்கல" என்று முதலில் தப்பித்துக்கொண்டான்.

"பதினொண்ணுதானுங்க மாமா" என்றான் மைத்துனன். "ஆயிரத்து எரநூறுல பதினொண்ணு யாருக்குத் தெரியப் போகுது?"

என்னிடம் போய் அதைச் சொன்னான்.

அரை மணி நேரத்தில் பாய் பைக்கில் வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தார். யாரையும் திட்டவில்லை. பின்கதவைத் திறந்து, கீழ்த்தட்டில் பெட்டிகளுக்கு நடுவே செருகியிருந்த சாக்கை இழுத்து எடுத்து, கீழே செய்தித்தாளை விரித்துக் கன்றுகளைப் பரப்பினார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒன்பதை ஒரு பக்கம் வைத்தார். இரண்டை வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"வாங்க, நீங்களே பாருங்க" என்று கண்ணாடியை மைத்துனனிடம் கொடுத்தார். "இந்த எலைக்காம்புல பாருங்க. கரும்பச்சையில கோடு, விட்டு விட்டு. தெரியுதுங்களா?"

மைத்துனன் வெகு நேரம் பார்த்தான். "தெரியுது" என்றான்.

"மட்டைக்கு உள்ளார பாருங்க. அசுவினி. அந்தப் பூச்சிதான் நோய ஒரு வாழையில இருந்து இன்னொண்ணுக்குத் தூக்கிட்டுப் போறது."

"எங்க தோட்டத்துல நோயே இல்லீங்க."

"இருக்குதுன்னு நான் சொல்லலீங்க. போய்ப் பாருங்கன்னு சொல்றேன்."

ஆடுகளோடு வந்த பெண் ஒருத்தி நின்று, "ஏனுங்க, அந்தக் கன்ன வீணாத்தானே போடப் போறீங்க, ஆட்டுக்குக் குடுங்க" என்றாள். பாய் எழுந்து நின்றே, "இல்லம்மா, இது எரிக்கறதுக்கு" என்றார். "வாழத்தண்ட எரிக்கறானுவ, பாரு" என்று ஆட்டிடம் சொல்லிக்கொண்டு அவள் போனாள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒரு கணக்கு. சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது நாலு பெட்டி. நூற்றிருபது கன்று. "அந்த நாலு பெட்டியை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள் பாய். மற்றது போகட்டும். அங்கே குழி வெட்டித் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

"அசுவினி பெட்டி நம்பர் பாத்தா ஏறும் சார்?"

நான் நாற்பது பெட்டியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு மணி நேரம் ஒரே வண்டியில ஆடிக்கிட்டு வந்திருக்குது. இதுல எது சுத்தம்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு என் லேபில் இருக்கக் கூடாது. வெள்ளியில டச், அதோட சுத்தம், கொறஞ்சா உருக்கிப்புட்டு மறுபடி ஊத்தலாம். எங்க அப்பா அப்படி ஊத்தியிருக்காரு. இத உருக்க முடியாதுங்களே."

நான் மகளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்பா, பாய் என்ன சொல்றாரோ அதையே செய்யுங்க" என்றாள். "குழி காஞ்சா மறுபடி தண்ணி விட்டுக்கலாம். மாமாகிட்டக் குடுங்க."

மைத்துனன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாமி" என்று ஒரு வார்த்தை சொன்னான். அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் "செரி சாமி", "பாக்கறேன் சாமி" மட்டும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. "தோட்டத்தப் போய்ப் பாக்கச் சொல்லுது. என்னைய ஒரு வார்த்த வையல" என்றான்.

பாய் ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். வண்டியில் ஏறி, ஒவ்வொரு பெட்டியாக லேபிலைக் கத்தரித்து என்னிடம் கீழே நீட்டினார். நான் வாங்கி வாங்கி எண்ணினேன். அவை திரும்ப ஆபீசுக்குப் போக வேண்டுமாம், ஒன்றுகூடக் குறையக் கூடாதாம். முப்பத்தொன்பதில் நின்றது. அந்த ஒன்று கீழ்த்தட்டின் இடுக்கில் விழுந்திருந்தது. டிரைவர் ஊர்ந்து போய் எடுத்து வந்தான். நாற்பதையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். தன் உழைப்பை ஒரு மனிதர் இவ்வளவு சலனமில்லாமல் கத்தரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலையில் இருந்தபோது நான் ஒருவரிடமும் சொல்லாத ஒரு வார்த்தையை அன்று அந்த டீக்கடை வாசலில் சொன்னேன். "சரியாக இருக்கிறது" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாலு டீக்கு நான் காசு கொடுத்தேன். வண்டி வந்த வழியே திரும்பியது.

மைத்துனன் அன்று மாலையே தோட்டத்தைச் சுற்றினான். ஆற்றுப் பக்கத்து வரிசையில் முப்பத்து நாலு தூரில் நோய் இருந்தது. இவ்வளவு நாள் அதை உரக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டிருந்தானாம். தான் கன்று கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனில் சொன்னான். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "ஓசிக் கன்னுக்கு நோட்டீஸ் வேறயா" என்றாராம். அதைச் சொல்லும்போது அவனே சிரித்தான்.

அடுத்த தொகுதிக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆத்தூர்க்காரர் ஒருவருக்கு வைத்திருந்த கன்று அது. அவர் மூன்று வாரம் பொறுத்துக்கொள்கிறேன் என்றதால் கிடைத்தது. ஆபீசர் மறுபடி வந்தார், மறுபடி பார்த்தார், மறுபடி எழுதினார். பணம் பேச உட்கார்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது.

"இது என் கேட்டுக்குள்ள நடந்தது சார். நான் பாத்திருக்கணும். இந்தத் தொகுதிக்குக் காசு வேண்டாம்" என்றார் பாய்.

"செய்தது என் மைத்துனன். முழுக்க நான்தான் கொடுக்க வேண்டும்."

"பாதி கூட வாங்க மாட்டேன்."

"அப்படியானால் கன்று வேண்டாம்."

விலையைக் குறைக்கச் சண்டை போட்டுப் பழகிய என் வாழ்நாளில் ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டது அந்த ஒரு நாள்தான். பாதி விலையில் முடிந்தது.

அதற்குள் மைத்துனன் வந்தான். கையில் சாக்கு இல்லை. தொட்டியில் நின்று இரண்டு செருப்பையும் நன்றாக நனைத்துவிட்டு உள்ளே வந்து, நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தான்.

"பதினொரு கன்னு. முழு வெல. என்ர பேருல ரசீது போடுங்க பாய்" என்றான். "காசு குடுத்து வாங்கினாலும் தாய்மாமன் குடுத்ததுதானுங்களே?"

"அதுல என்னங்க சந்தேகம்?" என்று பாய் ரசீதை எழுதினார். பிறகு மைத்துனன் ஒரு பெட்டியிலிருந்து பதினொன்றைத் தனியாக எடுக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். "எடுக்கக் கூடாது. பெட்டியில முப்பது இருக்கும். அதுல பதினொண்ணு உங்களுது. எதுன்னு நீங்க மனசுல வெச்சுக்குங்க."

கொள்ளேகாலில் முதல் குழியை அவன்தான் மூடினான். என் மகள் அந்த லேபிலைப் பெட்டியிலிருந்து அவிழ்த்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பெட்டி எண் ஒன்று.

மேச்சேரியிலிருந்து திரும்பிய ஆயிரத்து இருநூறையும் பாய் தனி வலைக்குள் வைத்து, மருந்தடித்து, வாராவாரம் பார்த்து வந்தார். நான் மனம் கேட்காமல் ஐப்பசியில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அத்தனையும் எண்ணினேன். ஒன்றில்கூட நோய் இல்லை.

"ஒன்றுமே இல்லையே பாய். அன்றைக்கு அப்படியே போயிருக்கலாமே?"

"இல்லன்னு இன்னிக்குத் தெரியுதுங்க சார். அன்னிக்குத் தெரியாதுங்களே."

பையில் வேர் சுருண்டு அவை நடவுக்கு ஆகாமல் போயிருந்தன. குழி வெட்டி மூடினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாமக்கல் வரைக்கும் அந்தப் பதிலைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். தணிக்கையில் நான் எழுதிய எத்தனையோ பக்கங்களில் அந்த மாதிரி ஒரு வரி இல்லை. தெரியும், தெரியாது என்ற இரண்டையும் அவர் எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தார்.

இப்போது பங்குனி. கொள்ளேகாலில் வாழை தார் தள்ளத் தொடங்கியிருக்கிறது. மகள் தினமும் ஒரு படம் அனுப்புகிறாள். நான் தார்களை எண்ணிப் பதில் போடுகிறேன். பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செலவு: முதல் தொகுதி, கன்று பதினெட்டு ரூபாய் வீதம் ஆயிரத்து இருநூறுக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு. இரண்டாம் தொகுதி பாதி விலையில் பத்தாயிரத்து எண்ணூறு. மேச்சேரியோடு திரும்பிய வண்டிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. கொள்ளேகால் வரை போன வண்டிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. நாலு டீ நாற்பத்தெட்டு. மைத்துனன் கொடுத்த நூற்றுத் தொண்ணூற்றெட்டைக் கழித்தால், எனக்கு ஆனது நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.